நகரவாசியும் வாகனமும்

சென்னை நகரவாசிகள் மோட்டார் சைக்கிள் மோகத்தால் வீதிகளை அடைத்துவிட்டார்கள் என்று கனவான்கள் சிலர் கடிந்துகொள்கிறார்கள். இக்குற்றச்சாட்டை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. கையிலுள்ள காசு, செலவாகும் நேரம், போய்ச் சேரும் நிச்சயம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கியே மனிதன் வாகனத்தைத் தெரிந்தெடுக்கிறான்.

1895-ம் வருஷம் ஆரம்பமான மின்சார டிராம் 1953-ல் நின்றது. அதில் ஏறியவர்கள் மனம் மாறியன்று, வழியின்றியே வேறு வாகனம் நாடினார்கள். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிவரும் மின்சார ரயிலை, இருப்புப் பாதையை ஒட்டி வசிப்பவர்கள் இன்றும் கைவிடுவதில்லை. கட்டணம் சொற்பம், தெரு நெரிசல் அதைத் தீண்டுவதில்லை. பாதைக்கு இரண்டு மைல் அப்பால் குடியிருப்பவனோ பஸ்ஸை நம்பவேண்டும். அது எப்போது வருமென்று தெரியாமல் வெயிலில் நிற்பவன், கடைசியில் தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். வாங்கிய பின் பஸ் பக்கம் அவன் திரும்புவதில்லை. அது மோகமா, நிர்ப்பந்தமா?

2015 ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ரயில் தொடங்கிற்று. அதன் வேகம் மெச்சத்தக்கதே. ஆயினும், ஸ்டேஷனிலிருந்து வீடு சேர ஆட்டோவுக்குக் கொடுப்பது ரயில் கட்டணத்தை மிஞ்சுமாயின், கூலியாளுக்கு அதனால் பயன் யாது?

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. காசுக்கு அஞ்சி நடந்தே சென்ற பெண்களும் பஸ் ஏறினார்கள். நிலைமை மாறினால் வழக்கமும் மாறும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

வாகனங்களையன்று, மனிதர்களையே கருதவேண்டும் என்று இந்திய சர்க்காரின் 2006-ம் வருஷத்து நகரப் போக்குவரத்துக் கொள்கை கூறிற்று. 2014-ல் சென்னை மாநகராட்சியும் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதன்மை அளிக்கும் கொள்கையை ஏற்றது. கொள்கை காகிதத்தில் கிடந்தால் போதாது. எந்த வாகனத்தில் சென்றாலும் பிரயாணம் காலால் தொடங்கிக் காலாலேயே முடிகிறது. நடைபாதையில் குழியும், அதன்மேல் நிறுத்திய வண்டிகளும் இருக்குமானால் முதியவர்களும் குழந்தைகளும் எங்கே நடப்பது?

மேம்பாலம் வாகனம் உடையோருக்குச் செய்யும் உபகாரம். அடிக்கடி பஸ் விடுவதும், நடைபாதையைச் செப்பனிடுவதும் சகல ஜனங்களுக்கும் செய்யும் உபகாரம். பொதுப்பணம் முதலில் எதற்குச் செல்லவேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வாக்குக் கேட்டு வரும் அபேட்சகர்களிடம் தேசத் தொண்டர்கள் ஒரே கேள்வி கேட்பார்களாக: “எங்கள் தெருமுனைக்கு எத்தனை நிமிஷத்துக்கொரு பஸ் வரும்?”