கையறுநிலையும் உபதேசமும்

விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் அநியாயம் எமது கல்வி உலகில் நடந்து வருகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் ஊக்கப் பேச்சாளர்கள் மாணவரைக் கூட்டிவைத்து, முடியுமென்று நினைத்தால் எதுவும் முடியும் என உபதேசிக்கின்றனர். அத்துடன் நிறுத்தினாலும் பாதகமில்லை. அவர்களுட் சிலர் பின்தங்கிய மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் சுட்டி, இவர்கள் கையறுநிலையைக் கற்றுக்கொண்டவர்கள் என்கின்றனர். அமெரிக்காவில் நாய்களைக்கொண்டு நடத்தப்பெற்ற பரிசோதனையைச் சான்றாகவும் காட்டுகின்றனர். வறியவனின் தோல்விக்கு அவன் மனமே காரணம் என்னும் பழைய பாட்டுக்கு ஆய்வுகூடத்திலிருந்து பக்கவாத்தியம் கிடைத்துவிட்டது. அப்பரிசோதனை உண்மையில் யாது கூறிற்று?

1967ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாய்கள் தொகுதிக்கு எட்டாக மூன்று தொகுதிகளாக்கப்பட்டன. முதலாம் தொகுதி நாய்களைத் துணித் தொட்டிலிற் கட்டி மின்னதிர்ச்சி கொடுத்தனர். அருகிலிருந்த பலகையைத் தலையால் அழுத்தினால் மின்னோட்டம் நின்றது. இரண்டாம் தொகுதிக்கும் அதே அளவு மின்னதிர்ச்சிதான். ஆனால், அவை என்ன செய்தாலும் அது நிற்கவில்லை. மூன்றாம் தொகுதிக்கு அதிர்ச்சியே கொடுக்கப்படவில்லை. அடுத்த நாள், நடுவே தடுப்பு வைத்த பெட்டியில் அவை விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் வலியிலிருந்து தப்பலாம். முதலாம், மூன்றாம் தொகுதி நாய்கள் விரைவில் தாண்டக் கற்றன. இரண்டாம் தொகுதியின் எட்டு நாய்களில் ஆறு, தாண்ட முயலாது வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தன.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலிரு தொகுதிகளும் அனுபவித்த வலி ஒன்றே. நாய்களின் இனமோ குணமோ ஊக்கமோ அவற்றைப் பிரிக்கவில்லை. வலியை நிறுத்தும் பலகை ஒரு தொகுதிக்குப் பயன்பட்டது. மற்றத் தொகுதிக்குப் பயன்படவில்லை. வேறுபாடு அவ்வளவே. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ஆய்வாளர்கள். ஆகவே, இப்பரிசோதனையிலிருந்து நாயின் மனப்பான்மையைக் குற்றஞ்சாட்டும் முடிவை எடுப்பவன் கூண்டைப் பாராமல் நாயை மட்டும் பார்த்தவன்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு உபதேசிகளுக்கு இன்னும் பாதகமானது. செயலிழந்து கிடந்த நாய்களைத் தடுப்பின் மறுபுறத்தில் நின்று அழைத்துப் பார்த்தனர், உணவைக் காட்டினர். பயன் விளையவில்லை. ஈற்றில், கழுத்தில் வாரிட்டு அவற்றை மறுபுறத்துக்கு மீண்டும் மீண்டும் இழுக்கவேண்டியதாயிற்று. இவ்வாறு பலமுறை கடந்த பின்னரே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. இழுத்த கயிறு அவற்றைக் குணப்படுத்தவில்லை. கடந்தால் வலி நிற்கிறது என்பதை அவை தம் உடம்பால் அறிந்தன. அந்த அறிவே குணப்படுத்திற்று. மறுபுறத் தளத்திலும் மின்சாரம் பாய்ந்திருந்தால் எந்தக் கயிறு உதவியிருக்கும்? எமது ஊக்கப் பேச்சாளர் செய்வது யாது? தடுப்பின் மறுபுறத்தில் நின்று அழைப்பதே. அது பலிக்காது என்பதை 1968இலேயே விஞ்ஞானம் கண்டுவிட்டது.

2016இல் அவ்விருவருமே தமது கோட்பாட்டைத் திருத்தி எழுதினர். எலிகளின் மூளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததன் பயனாக அவர்கள் கண்ட முடிவு, கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதன்று என்பதாகும். நீடித்த துன்பத்தின் முன் செயலிழத்தல் விலங்கின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, என் செயலால் இத்துன்பத்தை நிறுத்த முடியும் என்பதே. அதனை உணரும்போது மூளையின் முன்பகுதி செயற்பட்டு அவ்வெதிர்வினையை அடக்குகிறது. எனவே, ஏழைகள் கையறுநிலையைக் கற்றவர்கள் என்னும் கூற்று ஆய்வாளராலேயே கைவிடப்பட்ட ஒன்று. கேட்கவேண்டிய கேள்வி, ஆற்றலைக் கற்கும் வாய்ப்பை இவர்களுக்கு யார் மறுத்தார் என்பதே.

பரிசோதனையின் பொருளைச் செவ்வையாகப் புரிந்துகொண்டவர்களும் இருந்தனர். 2014இல் வெளியான அமெரிக்க செனற் சபைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டு உளவுத்துறையின் சித்திரவதைத் திட்டத்தை வகுத்த உளவியலாளர் இருவர் இக்கோட்பாட்டைத் துணைக்கொண்டதை வெளிப்படுத்திற்று. கைதியைச் செயலிழக்கச் செய்ய அவன் கையிலிருந்து எல்லா ஆற்றலையும் பறித்தாற் போதும் என அவர்கள் கருதினர். ஆதிக்கம் செய்வோருக்கு இக்காரணம் நன்கு தெரிகிறது. உபதேசம் கேட்போருக்கு மட்டும் அது மறைக்கப்படுகிறது.

எமது வகுப்பறைக்கு வருவோம். பின்வாங்கில் இருக்கும் மாணவன் கணக்கைச் செய்தாலும் பிழையென்று ஏச்சு, செய்யாவிட்டாலும் ஏச்சு. தனியார் வகுப்புக்குப் பணமுள்ளவனுக்கு வேறொரு வழி உண்டு, இவனுக்கு இல்லை. ஐந்தாண்டு இவ்வாறு இருந்தவனைப் பதினோராம் ஆண்டில் எழுப்பி, நம்பிக்கை கொள் என்பது கொடுமையான நகைச்சுவை. அவனுக்கு வேண்டியது அவன் முயன்றாற் செய்யக்கூடிய ஒரு கணக்கு. அதைச் செய்தபின் அவன் நிலை சிறிதேனும் மாறும் என்ற உறுதி. முன்னர் தப்பும் அனுபவம் பெற்ற நாய்கள், பின்னர் தப்பமுடியாத அதிர்ச்சிக்கு உள்ளாகியும் செயலிழக்கவில்லை என 1967ஆம் ஆண்டு ஆய்வே காட்டிற்று. சிறு வயதிற் கிடைக்கும் அத்தகைய வெற்றியே பிற்காலத்துக்குக் காப்பு. அதைக் கொடுப்பது ஆசிரியர் தொழில். அதற்குரிய வசதியைக் கொடுப்பது அரசின் கடன்.

கையறுநிலை தமிழுக்குப் புதிய சொல்லன்று. புறத்திணையில் அது ஒரு துறை. தலைவனை இழந்தோர் செயலற்று இரங்குவதைப் பழம் புலவர் அப்பெயரால் வழங்கினர். இரங்குவோரின் குணக்கேட்டை அவர்கள் தேடவில்லை, இழப்பையே பாடினர். அந்த நேர்மையேனும் எம்மிடம் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. அந்நாய்களின் வலிமேற் கட்டப்பட்ட அறிவு இது. அதைத் திரித்து வழங்குவது அவற்றுக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை. தளத்தில் மின்சாரம் பாய்ச்சியவன் யார் என்று நாயாற் கேட்க இயலாது. பக்கத்துக் கூண்டோடு சேர்ந்து பெட்டியை உடைக்கவும் இயலாது. மனிதரால் இரண்டும் இயலும். அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவதே கல்வி.