பரிசைக் கணிப்பதும் நடிப்பை அறிவதும்

மாசி, பங்குனி மாதங்கள் பிறந்துவிட்டால் ஒஸ்லோவில் வாழும் எம்மவரிடையே ஒரு பேச்சுச் சூடுபிடிப்பதைக் காண்கின்றோம். ஒஸ்கார் விழாவில் சிறந்த நடிகர் யார், சிறந்த நடிகை யார் என்று இளையோர் முன்கூட்டியே பட்டியலிடுகின்றனர். இந்திய தேசிய விருதுகள் அறிவிக்கப்படும் வேளையில் பெரியோரும் இதில் இணைந்துகொள்கின்றனர். பொழுதுபோக்காகச் செய்யப்படும் இக்கணிப்பில் குற்றம் காண்பது எமது நோக்கமன்று. எனினும் இதனால் நாம் எதை அறிந்துகொள்கின்றோம் என்று சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

ஒஸ்கார் நடிப்பு விருதுகளுக்கான பெயர்களை அக்கடமியின் நடிகர் பிரிவினர் முன்மொழிகின்றனர். இறுதி வாக்கினை எல்லாப் பிரிவினரும் அளிக்கின்றனர். அமெரிக்கத் திரை நடிகர் சங்கமும் பிரித்தானிய அக்கடமியும் தத்தம் விருதுகளை வழங்குகின்றன. அவற்றை வைத்தே கணிப்பாளர் கணக்கிடுகின்றனர். அக்கணக்குப் பல ஆண்டுகளில் பலிக்கின்றது. சில ஆண்டுகளில் பிசகுகின்றது. 2020 இல் காலஞ்சென்ற சட்விக் போஸ்மனுக்கு நடிகர் சங்கத்தின் விருது கிடைத்திருந்தமையால், 2021 ஒஸ்கார் விழாவிலும் அவர் பெயரே வருமெனப் பலர் நம்பினர். வழமைக்கு மாறாகச் சிறந்த நடிகர் விருது அன்று இறுதியாக அறிவிக்கப்பட்டது. வந்த பெயரோ 83 வயதான அன்ரனி ஹொப்கின்ஸினுடையது. அவர் விழாவுக்கே வந்திருக்கவில்லை.

ஆக, இங்கே கணிக்கப்படுவது வாக்காளரின் மனப்போக்கேயாகும். ஒரு பிரிவில் இறுதி வாக்களிப்போர் அப்பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருத்தல் வேண்டும் என்ற பொது நிபந்தனை, 2026 ஆம் ஆண்டு விழாவிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், பாராத நடிப்பை ஒதுக்கிவிட்டு வாக்களிப்பதற்கும் வழி இருந்தது. நாம் ஊரில் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பரீட்சைக்கு எவ்வினா வருமெனத் துல்லியமாகச் சொல்லும் மாணவர் சிலரைக் கண்டதுண்டு. வினாத்தாள் தயாரிப்போரின் போக்கை அவர்கள் நன்கு கற்றிருந்தனர். பாடத்தைக் கற்றிருந்தனரா என்பது வேறு விடயம்.

நாம் வாழும் இந்நாட்டின் லிவ் உல்மன் ஒஸ்கார் விருதுக்கு இருமுறை முன்மொழியப்பட்டும் வெல்லவில்லை. 2022 இல் அவருக்குக் கௌரவ ஒஸ்கார் வழங்கப்பட்டது. அவரைப் போற்றுவதற்கு நோர்வே மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1960 இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய - ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தெரிவான சிவாஜி கணேசன், இந்திய தேசிய விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருதை ஒருபோதும் பெற்றதில்லை. அதனால் தமிழர் மனத்தில் அவரது இடம் சிறிதும் குறையவில்லை.

எம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது 'தீபன்' திரைப்படம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் இப்படம் 2015 இல் கான் விழாவின் உயர் விருதான தங்கப் பனையை வென்றது. அதன் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர், அல்லைப்பிட்டியிற் பிறந்து பிரான்சில் தஞ்சமடைந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. சிறந்த நடிகர் விருது அங்கு வின்சென்ட் லின்டோனுக்கே கிடைத்தது. 2016 இல் பிரான்சின் செசார் விருதுக்கு ஷோபாசக்தியின் பெயரும் முன்மொழியப்பட்டது. அப்போதும் லின்டோனே வென்றார்.

அப்படத்தின் அரசியல் பற்றி எம்மவரிடையே விவாதம் எழுந்தது. அது எழவேண்டியதே. ஆனால் நடிப்பைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. அகதி விசாரணை அறையில், மொழிபெயர்ப்பாளர் அருகிருக்க, அதிகாரியின் முன் தன் கதையைச் சொல்லும் ஒருவனின் முகம் எப்படியிருக்கும்? குரல் எந்த இடத்தில் தடுமாறும்? கைகள் என்ன செய்யும்? இவற்றில் எது மெய், எது பொய் என்று தீர்ப்பளிக்கும் தகுதி, கானில் அமர்ந்திருந்த நடுவர்களைவிட, அத்தகைய நாற்காலியில் அமர்ந்தெழுந்த எம்மவருக்கே அதிகம் உண்டு. அத்தீர்ப்பை நாம் எழுதிவைக்கவில்லையாயின் வேறெவரும் எழுதப்போவதில்லை.

ஒஸ்லோவில் 2010 முதல் தமிழ்த் திரைப்பட விழா நடந்து வந்துள்ளது. புலம்பெயர்ந்த இளையோர் குறும்படங்களும் எடுக்கின்றனர். அவற்றில் நடிப்போருக்குக் கைதட்டல் மட்டும் போதாது. எந்தக் காட்சியில், எதனால் அந்நடிப்பு எம்மைத் தொட்டது, எங்கே அது பொய்த்தது என்று சொல்லக்கூடிய பார்வையாளர்களும் அவர்களுக்கு வேண்டும். பரிசு வழங்குவோரும் தமது முடிவுக்கான காரணத்தை நான்கு வரிகளிலாவது எழுதி வெளியிடுவார்களாயின், பரிசு பெறாதவரும் அதிலிருந்து கற்றுக்கொள்வார்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு யார் வெல்வார் என்று பிள்ளைகள் கூறும்போது, படத்தைப் பார்த்தாயா என்று கேளுங்கள். பார்த்திருந்தால், அந்நடிப்பில் என்ன கண்டாய் என்றும் கேளுங்கள். விடையைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள்.