அட்டகாமாவில் யார் காடு வெட்டினார்கள்?

உலகத்துப் பாலைவனங்கள் அத்தனையும் மனிதன் காட்டை அழித்ததால் வந்தவை, மரம் நட்டால் மழை வரும், பாலை மறையும் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். உலக வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இதை எழுத அவருக்கு மனம் வந்திருக்காது.

சகாரா, அரேபியா, கலகாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 20 முதல் 30 டிகிரி அட்சரேகைகளை ஒட்டியே கிடக்கின்றன. நடுக்கோட்டில் சூடேறி எழும் காற்று தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வறண்டுபோய் இந்தப் பட்டைகளில் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகும் காற்றில் மேகம் கட்டாது. கோடரிக்கு இதில் என்ன வேலை?

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அரிக்கா நகரில் 1903 முதல் 1918 வரை, 14 ஆண்டுகளுக்கும் மேலாக மழையே பதிவாகவில்லை. அட்டகாமாவின் கிழக்கே ஆண்டீஸ் மலைத்தொடர் அமேசான் பக்கத்து ஈரத்தை மறித்து நிற்கிறது. மேற்கே ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடலோரக் காற்றைக் குளிரவைத்து, மேலெழ விடாமல் அமுக்கிவிடுகிறது. பசிபிக் பெருங்கடல் காலடியில் கிடந்தும் மழை கிடையாது. நமீபியக் கரையில் பெங்குவேலா நீரோட்டம் செய்வதும் இதையேதான். அங்கே மூடுபனிதான் தண்ணீர். விடியற்காலையில் ஒரு கருவண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் பனி துளித்துளியாகத் திரண்டு வாய்க்கு வழியும். மனித இனம் தோன்றுமுன்பே வறண்டுபோன நிலம் அது.

பாலை என்றாலே கொதிக்கும் மணல் என்கிறார். குளிர்காலத்தில் கோபியில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். உலகின் மிகப்பெரிய பாலை அண்டார்க்டிகா.

சகாரா ஒருகாலத்தில் பசுமையாக இருந்ததே என்பது அவருடைய பெரிய ஆயுதம். இருந்தது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஏரிகளும் புல்வெளியும் இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று கோடை வெயிலின் வலு மாறியது, பருவமழை தெற்கே பின்வாங்கியது. வறட்சிக்கு முதன்மைக் காரணம் அதுதான்.

சகாராவின் தெற்கு விளிம்பான சகேலிலும், பருத்திக்காக ஆறுகளைத் திருப்பி வற்றவைத்த ஏரல் கடலிலும் மனிதனின் கை உண்டு. அங்கே மண்ணைக் காக்கும் எந்த முயற்சியையும் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதைக் காட்டித் தார் பாலைவனம் முழுக்க மரம் நடச் சொல்வதை மன்னிக்க முடியாது. கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில், உவர்நிலம் பரவாமல் தடுக்க 1960களில் வனத்துறை சீமைக்கருவேலத்தை நட்டது. அது புல்வெளியைத் தின்றது. மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகள் மேய்ச்சலை இழந்தன. ராமநாதபுரத்து விவசாயிக்கு இந்த மரத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாரின் கானமயில் வாழ்வது திறந்த வெட்டவெளியில். இயற்கைச் சூழலில் எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவு. அந்த வெளியில் கன்று நட வருகிறவர்களை நிறுத்தியே ஆகவேண்டும்.