பில்லுக்குக் கணக்கு கேள்

தர்மபுரி மாவட்டத்துக் காலனிகளில் நோய் பாதி ஆளைச் சாய்க்கிறது. மீதியை ஆஸ்பத்திரி பில்லு சாய்க்கிறது.

தொப்பூர் கணவாயில் அடிபட்டவனைச் சேலத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடுகிறோம். அரூரிலோ பென்னாகரத்திலோ பிரசவம் சிக்கலானால் கிட்டத்தில் இருக்கிற பிரைவேட்டில் சேர்க்கிறோம். சேர்க்கும்போது ஒரு தொகை சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று அது பல மடங்காகி வருகிறது. எதுக்கு எவ்வளவு? கேட்க வாய் வருவதில்லை. "உசுரக் காப்பாத்துனவங்ககிட்ட கணக்கு கேக்கிறதா?" என்று நம்ம சனங்களே நம்மை அடக்குகிறார்கள். கைகட்டி நிற்கவே பழக்கப்பட்ட உடம்பு, வெள்ளைக் கோட்டின் முன்னாலும் அப்படியே நிற்கிறது.

ஆடு போகுது, தோடு போகுது. அப்புறம் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிறோம். கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. பில்லு அதைப் புழக்கடை வழியாகத் திரும்பக் கூட்டி வருகிறது. அதனால்தான் இதை விடுதலை அரசியலின் பிரச்சினை என்கிறோம்.

தோழர்களே, சட்டத்தில் நமக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது.

அவசர நிலையில் வந்தவருக்கு, அரசோ தனியாரோ, எந்த டாக்டரும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சொன்னது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளி உரிமைச் சாசனம், பிணத்தையும் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. இனம் பிரித்த விவரமான பில்லையும் உரிமை என்கிறது. ஆனால் சாசனம் மட்டும் சட்டமாகிவிடாது.

தமிழ்நாட்டு நிலைமை என்ன? மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கு விதிகள் எழுத 2018 வரை, 21 வருஷம் ஆனது. கட்டணத்தை எழுதி வைக்கச் சொல்கிற 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அமெரிக்காவில் 2022 ஜனவரியிலிருந்து, இன்சூரன்ஸ் இல்லாதவருக்குச் செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பில் அதைவிட 400 டாலர் ஏறினாலே அவர் முறையிடலாம். முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இது முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? மதிப்பீட்டை எழுதிக் கொடுப்பதைச் சட்டமாக்கு என்பது நமது கோரிக்கை.

அதுவரை சும்மா இருக்க முடியாது. விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று முதலில் கேளுங்கள். அங்கே முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் வரம்புக்குள், காசு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் "இதுக்குச் செல்லாது" என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து, டெஸ்ட், அறை, டாக்டர் ஃபீஸ் தனித்தனியாகப் போட்ட பில்லைக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். அதிகமாகத் தெரிந்தால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார். நகல் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் இன்னொரு மனு. இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வைத்தியம் பார்த்தது பெங்களூர் என்றாலும் தர்மபுரியில் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

இதையெல்லாம் பிள்ளையைப் படுக்கையில் போட்டுவிட்டு நிற்கிற தாய் தனியாகச் செய்ய முடியாது. அங்கேதான் படித்த நம் பிள்ளைகளுக்கு வேலை. ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பேர் இதைக் கற்றுக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜ் அன்று பேனாவோடு கவுண்டரில் நிற்கட்டும். ஒருத்தர் கேட்டால் அதட்டுவார்கள். ஊரே கேட்டால் கணக்கைக் காட்டியாக வேண்டும்.