தோற்றுப்போன கோழியை விற்றுவிடாதீர்கள்!

நாட்டுக்கோழி வளர்க்கும் இருவர் சந்தித்தால், பேச்சு விரைவிலேயே யார் வீட்டுச் சேவல் உயர்ந்தது என்பதில் வந்து நிற்கும். "எங்களுடையது தாத்தா காலத்து வழி, இந்த உயரத்தை வேறெங்கும் பார்க்க முடியாது" என்பார் ஒருவர். "உயரம் இருந்து என்ன? எங்கள் பெட்டை அடை காத்தால் ஒரு கூமுட்டைகூட மிஞ்சாது" என்பார் மற்றவர்.

இருவரும் வளர்ப்பது ஒரே இனமாகத்தான் இருக்கும். ஆனால் இவர் வீட்டுக் கோழிகளும் அவர் வீட்டுக் கோழிகளும் பல தலைமுறைகளாக ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே பெருகி வந்தவை. ஓர் இனத்திற்குள் இப்படித் தனித்து வளர்ந்த கூட்டத்தையே இரத்தவழி அல்லது கால்வழி என்கிறோம்.

கால்வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன என்பது என் கருத்து. கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது முதல் தவறு. தோற்றுப்போன கால்வழியைச் சந்தைக்கு அனுப்பிவிடுவது இரண்டாவது தவறு. முதல் தவறை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதைத் திருத்தவே முடியாது. எப்படி என்று பார்ப்போம்.

இரத்தத்தில் என்ன இருக்கிறது?

'இரத்தவழி' என்ற சொல்லே பழைய நம்பிக்கை ஒன்றிலிருந்து வந்தது. பாலும் தண்ணீரும் கலப்பதுபோலத் தாயின் இரத்தமும் தந்தையின் இரத்தமும் குஞ்சில் கலக்கின்றன என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அப்படியல்ல என்று பட்டாணிச் செடிகளைக் கொண்டு காட்டியவர் மெண்டல். அவருடைய விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பேட்சன் 1902ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்த உயிரினம் எது தெரியுமா? கோழிதான்! கொண்டையின் வடிவம் தலைமுறைதோறும் எப்படி வருகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்தார்.

ரோஜாக் கொண்டை என்பது ஓங்கு பண்பு; சாதாரண ஒற்றைக் கொண்டை ஒடுங்கு பண்பு. எனவே ரோஜாக் கொண்டை உள்ள ஒரு சேவல், ஒற்றைக் கொண்டைக்கான ஜீனை உள்ளே ஒளித்து வைத்திருக்கலாம். பெட்டையும் அப்படியே இருந்தால், அவற்றின் குஞ்சுகளில் சராசரியாக நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். பெற்றோரைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் வயண்டாட் இனத்திற்கு ரோஜாக் கொண்டை இருக்கவேண்டும் என்பது விதி. ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டினார்கள். ஆனாலும் அவை பிறந்துகொண்டே இருந்தன. காரணம் 2012ஆம் ஆண்டில் விளக்கமாகத் தெரியவந்தது. ரோஜாக் கொண்டைக்கான ஜீனை இரட்டையாகப் பெற்ற சேவல்களின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை! அதாவது, விதிப்படி மிகவும் 'சுத்தமான' சேவலே குஞ்சு பொரிக்க வைப்பதில் பின்தங்கியிருந்தது. அழகுப் போட்டியில் முதற்பரிசு பெறும் சேவல், அடைக்கூடையில் கடைசி இடம் பெறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஒரே கூரை, ஒரே தீனி

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது? வரலாற்றில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. அதன் தேசிய இறுதிச் சுற்று 1948ஆம் ஆண்டில் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட 40 பண்ணையாளர்களிடம், "உங்கள் சிறந்த சேவலைக் கொண்டு வாருங்கள்" என்று அமைப்பாளர்கள் கேட்கவில்லை. முட்டைகளை அனுப்பச் சொன்னார்கள். முட்டைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளை டெலவேர் மாநிலத்தில் ஒரே வகைக் கொட்டகையில், ஒரே தீனி கொடுத்துப் பன்னிரண்டு வாரம் வளர்த்தார்கள். அதன் பிறகே எடை போட்டு, இறைச்சியைச் சோதித்து மதிப்பெண் இட்டார்கள்.

இதில் என்ன சிறப்பு? ஒருவர் வீட்டில் கம்பும் சோளமும் தாராளமாகக் கிடைக்கும். இன்னொருவர் வீட்டுக் கோழி குப்பையைக் கிளறித்தான் வயிற்றை நிரப்பவேண்டும். இரண்டையும் நிறுத்து, "இந்த வழி உயர்ந்தது" என்றால், நாம் ஒப்பிட்டது கால்வழியை அல்ல, தீனியைத்தான்! வளர்ப்பை ஒன்றாக்கினால்தான் பிறப்பின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

இந்த முறையை நாமும் சிறிய அளவில் கையாளலாம். இரு கால்வழிகளின் முட்டைகளையும் ஒரே நாளில் அடை வைக்கவேண்டும். முட்டைகள் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பது நல்லது. பெரிய முட்டையிலிருந்து பெரிய குஞ்சு வரும். பொரித்த குஞ்சுகளைக் கலந்து ஒரே இடத்தில் வளர்க்கவேண்டும். அடையாளத்திற்குக் காலில் வண்ண வளையம் போடலாம். கோழிப் பண்ணைகளில் பழகியவர்கள் குஞ்சின் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வில் சிறு துளையிடுவார்கள். ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, இரு கால்களுக்கும் நான்கு. ஒவ்வொன்றிலும் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே 2×2×2×2 = 16 வகையான அடையாளங்கள் கிடைக்கும்!

எடையை எட்டாவது வாரத்திலும் பதினாறாவது வாரத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டால் பாரம்பரியக் கோழிக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். மெதுவாக வளர்வது அதன் இயல்பு. அமெரிக்காவில் கால்நடை இனங்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்று, பாரம்பரியக் கோழிக்கு 2009ஆம் ஆண்டில் இலக்கணம் வகுத்தது. 16 வாரத்திற்கு முன் விற்பனை எடையை எட்டக்கூடாது என்பதும் அதில் ஒரு விதி. சேவல்களையும் பெட்டைகளையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் வழியில் ஐந்து சேவல்கள். எடை 900, 950, 1000, 1050, 1100 கிராம். இரண்டாம் வழியிலும் ஐந்து. எடை 700, 750, 800, 850, 1600 கிராம். ஊரார் பார்க்க வாசலில் கட்டி வைப்பது எதை? 1600 கிராம் சேவலைத்தான். ஆனால் சராசரி என்ன? முதல் வழிக்கு 1000; இரண்டாம் வழிக்கு 940. ஒரு சேவலின் எடை ஒரு குடும்பத்தின் எடை ஆகாது.

வென்றவர் எதில் வென்றார்?

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து முடித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கால்வழி வென்றது, மற்றொன்று தோற்றது. தோற்றதை என்ன செய்வது?

விற்றுவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி: அது எதில் தோற்றது? நாம் எடையை அளந்தோம், எடையில் தோற்றது. அடை காக்கும் குணத்தை அளந்தோமா? குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பதை அளந்தோமா? கோடை வெயிலைத் தாங்குவதை அளந்தோமா? முட்டைப் பண்ணைக்கு அடைக்கோழி ஒரு தொல்லை; அடையில் உட்கார்ந்துவிட்டால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். கிராமத்து வீட்டிற்கோ அடைக்கோழிதான் பொரிப்புப்பெட்டி! அளவுகோல் மாறினால் முதலிடமும் மாறும்.

இதற்கு நம் நாட்டுக் கோழியின் கதையே சாட்சி. அசில் என்னும் நமது சண்டைக்கோழி, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்றது. அதை அங்குள்ள கோழிகளோடு கலந்து, புதிய சண்டைச் சேவலை உருவாக்க நினைத்தார்கள். பிறந்ததோ பெரிய மார்பும் குட்டைக் கால்களுமாக, வேகமில்லாத ஒரு கோழி. சண்டைக்கு அது பயன்படவில்லை. கார்னிஷ் என்று பெயர் பெற்ற அந்தக் கோழியை இங்கிலாந்தில் இன்றும் 'இந்தியன் கேம்' என்றே அழைக்கிறார்கள்.

சண்டைக்களம் என்ற அளவுகோலில் தோற்றுவிட்டது என்று அன்றே அதை ஒழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1948ஆம் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றது கார்னிஷ் இரத்தம் கலந்த கோழிதான்! கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் என்பவர் அதை உருவாக்கியிருந்தார். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் கறிக்கோழிகளின் மூதாதையரில் கார்னிஷுக்கு முக்கிய இடம் உண்டு. அதன் பெரிய மார்பில்தான் கறிக்கோழித் தொழிலே நிற்கிறது.

அந்தப் போட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வென்ற சில கால்வழிகள் நாடெங்கும் பரவின. முன்பு பண்ணைதோறும் இருந்த பல இனங்கள் அருகிப்போயின. 2008ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வணிகக் கோழிகளின் ஜீன்களை உலகின் பல இனங்களோடு ஒப்பிட்டார்கள். தனித்தனி வணிகக் கால்வழிகளில், மூதாதையரிடம் இருந்த ஜீன் வகைகளில் பாதியோ அதற்கு மேலோ காணப்படவில்லை. தொடக்கத்திலேயே மிகச் சில இனங்களை மட்டும் அடித்தளமாகக் கொண்டதே இதற்கு முக்கியக் காரணம். நாளை புதிய நோய் ஒன்று வந்தால் அதைத் தாங்கும் ஜீன் எங்கே இருக்கும்? நாம் சந்தைக்கு அனுப்பிய கூடையில்கூட இருந்திருக்கலாம்.

பதினொரு கோழிகளின் கணக்கு

"தோற்ற சேவல்களை விற்றுவிட்டு, வென்ற ஒரே சேவலை எல்லாப் பெட்டைகளோடும் விடுவோம்" என்று சிலர் சொல்வார்கள். இதிலுள்ள ஆபத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்க மரபியல் விஞ்ஞானி சீவால் ரைட் 1931ஆம் ஆண்டில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். சேவல்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். கிடைப்பது 'பயனுறு எண்ணிக்கை'.

ஒரு சேவல், பத்துப் பெட்டை இருந்தால் 4×1×10÷11 = சுமார் 3.6. முற்றத்தில் மேய்வது பதினொரு கோழிகள். மரபியல் கணக்கிலோ நான்குகூட இல்லை! எல்லாக் குஞ்சுகளுக்கும் ஜீன்களில் பாதி ஒரே தந்தையிடமிருந்து வருவதுதான் காரணம். மூன்று சேவல், எட்டுப் பெட்டை வைத்திருந்தால் 4×3×8÷11 = சுமார் 8.7. அதே பதினொரு கோழி, அதே தீனிச் செலவு! உட்கலப்பு முதற்கூட்டத்தில் ஒரு தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடும், இரண்டாவதில் சுமார் 6 விழுக்காடும் ஏறும். உட்கலப்பு மிகுந்தால் பொரிப்பு குறையும். குஞ்சுகள் நலிந்து சாகும்.

எனவே எளிய வழி ஒன்றைச் சொல்வேன். மூன்று வீட்டார் சேர்ந்துகொள்ளுங்கள். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். சேவல்கள் மட்டும் ஆண்டுதோறும் முதல் வீட்டிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதற்கும் போகட்டும். நம் ஊர்த் திருமண வழக்கத்திற்கு நேர்மாறாக, இங்கே மகன்தான் அடுத்த வீட்டிற்குப் போகிறான்! அண்ணன் தங்கை சேர்க்கை இதனால் நின்றுவிடும். வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டபின் கூட்டத்தில் விடுவது பாதுகாப்பு.

"எல்லா வழிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வீரியம் கூடுமே" என்று நீங்கள் கேட்கலாம். முதல் தலைமுறையில் கூடுவது உண்மைதான். ஆனால் அந்த வீரியம் அடுத்தடுத்த தலைமுறைகளில் அதே அளவில் நிற்பதில்லை. கலந்ததை மறுபடி பிரிக்கவும் முடியாது. "தோற்ற கோழிக்கும் தீனி போடக் கட்டுப்படியாகுமா?" என்பது இன்னும் நியாயமான கேள்வி. நூறு கோழிகளை வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சேவலும் நான்கைந்து பெட்டையும் ஓரிரு வீடுகளில் இருந்தாலே அந்த வழி உடனே அற்றுப்போகாது. தீனிச் செலவை மூன்று வீட்டார் பகிர்ந்துகொண்டால் அது பெரிய சுமையாகவும் இராது.

அனுபவசாலிகளின் கண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடையில் உள்ள தளர்வையும் நெஞ்செலும்பின் கோணலையும் தராசு காட்டாது. அவர்கள் கண் காட்டும். அந்தக் கண்ணோடு தராசும் குறிப்பேடும் சேரவேண்டும் என்பதே என் வாதம்.

மாணவ நண்பர்களே! இந்த வேலைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் தெருவில் நாட்டுக்கோழி வைத்திருக்கும் மூன்று வீடுகளுக்குச் சென்று விசாரியுங்கள். சேவல் எத்தனை, பெட்டை எத்தனை, சேவல் எங்கிருந்து வந்தது, அடை வைத்த முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, எட்டு வாரம் தாண்டிப் பிழைத்தது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினொரு கோழிகளின் கணக்கை அந்த வீடுகளுக்கும் போட்டுப் பாருங்கள். மூன்று வீட்டிலும் ஒரே சேவலின் வாரிசுகள்தான் இருக்கின்றன என்று தெரியவந்தால், அதை முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த சந்தைக்குக் கூடை கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.