வளர்ந்த பிள்ளைகளோடு கப்பல் பயணம்... ஒரே கேபினா, ரெண்டு கேபினா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அம்பத்தூரில் ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட். சாப்பிட்டு முடித்த கையோடு அப்பா செல்போனில் கப்பல் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாலு பேருக்கும் ஒரே ரூம் போட்டுடறேன். ரெண்டு ராத்திரிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

ப்ளஸ் டூ முடித்த மகள் தலையைத் தூக்காமலேயே சொல்கிறாள். "அப்போ நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் பாட்டிகூட வீட்லயே இருக்கேன்."

அப்பாவுக்குச் சுருக்கென்கிறது. அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் குடும்பமாக ஒரு பயணம் போக வேண்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். எட்டாவது படிக்கும் தம்பிக்கு அக்கா ஏன் முரண்டு பிடிக்கிறாள் என்று புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிகிறது. உடை மாற்ற இடம், மாதவிடாய் நாள்களில் கொஞ்சம் தனிமை, தூங்கும்போது யார் பார்வையும் படாத ஒரு மூலை. வீட்டில் கதவைச் சாத்தினால் கிடைப்பது, கப்பலில் ஒரே கேபினில் கிடைக்காது.

ஆவடி, பூந்தமல்லி என்று எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. கப்பல் பயணத்தில் சாப்பாடு, நீச்சல்குளம், ஷோ என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். யார் எங்கே படுப்பது என்பதை மட்டும் கப்பல் ஏறிய பிறகு யோசிக்கிறோம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நம்ம ஊரிலிருந்தே கப்பல்

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பல் பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்தப் பயணத்தில் இருந்தன.

இந்தக் கப்பலுக்கு முக்கியமான தளம் மும்பை. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் அது சென்னைப் பக்கம் வருவது வழக்கம். பயண அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், தேதியை உறுதி செய்துகொண்டு பிறகு ஸ்கூல், காலேஜ் லீவைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எம்ப்ரஸ் 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல். இப்போது கட்டப்படும் பிரமாண்டக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இதன் அறைகள் சிறியவை. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து பெரிய கப்பல் ஏறும் குடும்பங்களும் உண்டு. அங்கே அறை கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ஆனால், கேள்வி இதேதான்.

நாலு பேர் கேபின் என்றால்?

கப்பல் அறைகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். ஜன்னலே இல்லாத உள்பக்க அறை, கடல் தெரியும் ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, சூட். சாதாரண உள்பக்க அறை பெரும்பாலும் 120 முதல் 180 சதுர அடிக்குள் இருக்கும். நம் ஃப்ளாட்டின் சின்ன பெட்ரூம் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளேயே பாத்ரூம், அலமாரி, மேஜை எல்லாம்.

கீழே இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போட்டால் டபுள் பெட், பிரித்துப் போட்டால் தனித்தனி. மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சுவரிலோ கூரையிலோ மடக்கிவைத்த மேல் படுக்கை இருக்கும். சில அறைகளில் சோபாவே படுக்கையாக விரியும். ரயிலில் அப்பர் பெர்த் பார்த்தவர்களுக்கு இது புரியும். ராத்திரி ஊழியர் வந்து இறக்கிவிட்டு ஏணி வைப்பார், காலையில் மடக்கிவிடுவார்.

மேல் படுக்கைகளை இறக்கிவிட்டால் அறையில் நடக்க இடம் இருக்காது. கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கலாம். ராத்திரி 2 மணிக்கு ஒருவர் பாத்ரூம் போனால் நாலு பேருக்கும் விழிப்பு வரும். காலையில் ஒரே பாத்ரூமுக்கு நாலு பேர் வரிசை. 5 வயதில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு. 15 வயதில் அப்படி இல்லை.

மேல் படுக்கையைப் பற்றி இன்னொன்று: 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அங்கே படுக்கவிடக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு அறிவுரை. பெரியவர்களில் மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் ஏணி வேண்டாம். கடல் ஆடும்போது ஏணியும் சேர்ந்து ஆடும்.

ரெண்டு கேபின் போட்டால் ரெண்டு மடங்கு செலவா?

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். விளம்பரத்தில் வரும் கட்டணம், ஒரு அறையை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு இவ்வளவு என்பது. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பல நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்கும். அதனால் நாலு பேர் ஒரே அறையில் போவது மலிவு என்று தோன்றும்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு உதாரணம். பால்கனி அறைக்குத் தலைக்கு ரூ.30,000, மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு ரூ.90,000 ஆகும். உள்பக்க அறைக்குத் தலைக்கு ரூ.20,000 என்றால், இரண்டு அறைகளில் நாலு பேரும் முழுக் கட்டணம் கொடுத்தாலும் ரூ.80,000-தான். ஒரு பால்கனியை விட்டுக்கொடுத்தால் இரண்டு கதவுகள், இரண்டு பாத்ரூம்கள் கிடைக்கின்றன. ரூ.10,000 மிச்சமும் ஆகிறது. கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இடம் இருக்கிறது.

எல்லாக் கப்பலிலும் கணக்கு இப்படியே வராது. ஒரே உள்பக்க அறையில் நாலு பேர் என்பதுதான் எப்போதும் குறைந்த செலவு. ஆனால், 'ரெண்டு ரூம் நமக்குக் கட்டுப்படியாகாது' என்று முடிவு கட்டும் முன் இரண்டு விதமாகவும் விலையைப் போட்டுப் பாருங்கள். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர்களுக்கான சேவைத் தொகை எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து பேர் போகும்போது நாலு பேர் ஒரு அறை, ஒருவர் தனி அறை என்று பிரிக்காதீர்கள். அறையில் ஒருவரே தங்கினாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தை ஒட்டி வசூலிப்பது கப்பல்களில் சாதாரணம். மூன்று பேர், இரண்டு பேர் என்று பிரிப்பதே லாபம்.

பிள்ளைகளை மட்டும் தனி அறையில் விடலாமா?

அக்காவும் தம்பியும் ஒரு அறை, அப்பாவும் அம்மாவும் ஒரு அறை என்று பதிவு செய்யப் போனால், பல நிறுவனங்களின் இணையதளம் ஏற்றுக்கொள்ளாது. ஒவ்வோர் அறையிலும் வயதுவந்த ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வயது சில நிறுவனங்களில் 18, சிலவற்றில் 21. பெற்றோர் அறையை ஒட்டிய அறை என்றால் சிலர் விலக்கு தருவார்கள். பதிவு செய்வதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எளிய வழி, அம்மாவும் மகளும் ஓர் அறை, அப்பாவும் மகனும் ஓர் அறை. விதிக்கும் சரி, மகளின் தனிமைக்கும் சரி. இரண்டு நாள் பயணத்துக்கு இதுவே போதும். பதிவில் இருப்பதை மாற்றிப் படுப்பதாக இருந்தால் வரவேற்பு மேஜையில் சொல்லி, இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை கேளுங்கள். காரணம் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற இடத்தை அறையை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். யார் எந்த அறை என்று கப்பலுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

2012 ஜனவரியில் இத்தாலி கடற்கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் கவிழ்ந்த பிறகு, பாதுகாப்புப் பயிற்சியைக் கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. அந்தப் பயிற்சிக்குப் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். இரண்டு அறைகளுக்கும் வேறு வேறு இடம் ஒதுக்கியிருந்தால் அங்கேயே சொல்லிக் கேளுங்கள்.

கனெக்டிங், பக்கத்து அறை, எதிர் அறை

இந்த மூன்றும் ஒன்றல்ல. கனெக்டிங் என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்கதவு இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சாய்ஸ். தேவைப்பட்டால் திறக்கலாம், வேண்டாமென்றால் சாத்தலாம். இப்படிப்பட்ட அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பக்கத்து அறை என்றால் சுவர் மட்டும்தான் பொது, வராந்தா வழியாகத்தான் போக வேண்டும். எதிர் அறை என்பது பெற்றோருக்கு ஜன்னல் அறையும், எதிரே பிள்ளைகளுக்கு உள்பக்க அறையும் என்று எடுக்க வசதி.

'கேரண்டி கேபின்' என்று குறைந்த விலையில் ஒன்றைக் காட்டுவார்கள். அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும். இரண்டு அறையை அப்படி எடுத்தால் ஒன்று மூன்றாம் தளத்திலும் இன்னொன்று ஏழாம் தளத்திலும் விழலாம். குடும்பத்துக்கு அது வேண்டாம். அறை எண்ணைத் தேர்ந்தெடுத்தே பதிவு செய்யுங்கள்.

தளத்தின் வரைபடத்தையும் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஷோ நடக்கும் அரங்குக்கும் நீச்சல்குளத்துக்கும் நேர் கீழே இருக்கும் அறையில் ராத்திரி சத்தம் இறங்கும்.

பாட்டியும் வந்தால்?

பாட்டி வந்தால் இன்னொரு அறை, இன்னொரு செலவு என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பாட்டிதான் பல முடிச்சுகளை அவிழ்ப்பார். பாட்டியும் பேத்தியும் ஓர் அறை, அப்பா, அம்மா, மகன் ஓர் அறை. பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதால் விதியில் சிக்கல் இல்லை. இரண்டு பேருக்குமே கீழ்க் கட்டில், யாரும் ஏணி ஏற வேண்டாம். மேல் படுக்கை, அதற்காகவே அடித்துக்கொள்ளும் தம்பிக்கு.

பாட்டிக்காக அறையை லிஃப்ட் பக்கத்தில் பாருங்கள். பாத்ரூம் வாசலில் படி இருக்கிறதா என்று கேளுங்கள், பல கப்பல்களில் சின்னத் தடுப்புப் படி உண்டு. பாட்டி 4.30 மணிக்கு எழுந்திருப்பார், பேத்தி 12 மணிக்குத்தான் தூங்குவாள். இதையும் கிளம்பும் முன்பே இருவரும் பேசிக்கொள்வது நல்லது. ஒரு கண்மூடித் துணியும் காதடைப்பானும் பையில் இருந்தால் உறவு கெடாது.

கிளம்பும் முன்...

* நடுக்கடலில் செல்போன் சிக்னல் இருக்காது, வைஃபைக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். 'போன் பண்றேன்' என்பது நடக்காது. எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது, ராத்திரி எத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

* அறை எண்ணைக் கதவுக்கு வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, தட்டினால் யாரென்று பார்க்காமல் திறக்கக் கூடாது. இதை மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் சொல்லுங்கள்.

* கப்பல் அறைகளின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் பை, துண்டு எல்லாம் சுவரில் தொங்கும், தரை காலியாக இருக்கும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

* டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் தகராறு இங்கேதான் வரும். இலங்கை, சிங்கப்பூர் என்றால் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு அது பொதுவாக 5 ஆண்டுகளுக்கு அல்லது 18 வயதாகும் வரைதான் செல்லும்.

* துறைமுகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூரிலிருந்து பீச் வரை மின்சார ரயில் உண்டு. டாக்ஸி என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் வீட்டுக்குத் திரும்புவோம். அம்மா போனை வாங்கி, அறைகள் இரண்டு, ஆள்கள் ஐந்து என்று மாற்றிப் போடுகிறார். மொத்தத் தொகையைப் பார்த்து அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஜன்னல் வேண்டாம். உள்பக்க ரூமே ரெண்டு போட்டுடலாம்" என்கிறார்.

"பாட்டி குறட்டை விடுவாங்களே?" என்று தம்பி கேட்கிறான்.

"விடட்டும். நான்தானே கூடப் படுக்கப் போறேன்" என்கிறாள் மகள். போனைக் கீழே வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ரூம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பிக்கிறாள்.