தமிழ் முகவரிக்குக் கதவு திறக்குமா?

சி மொழியில் சாக்கெட் திறந்து, முகவரி தேடி, இணைப்பது என நாற்பது வரி எழுத வேண்டியதை 'லிப்கர்ல்' நாலைந்து வரிகளில் முடித்துவிடும். சோம்பேறித்தனம் என்று சில மூத்த மாணவர்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

ஆனால் ஒன்று. தேக்காவில் தேநீர் குடித்தபடி, '.சிங்கப்பூர்' என முடியும் தமிழ் முகவரி ஒன்றை என் நிரலுக்குக் கொடுத்தேன். மடிக்கணினியில் இணைந்தது. மறுநாள் வேறொரு லினக்ஸ் கணினியில் அதே நிரல் 'முகவரி இல்லை' என்றது.

இணையப் பெயர்ப் பதிவேட்டில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. 'எக்ஸ்என்' எனத் தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாற வேண்டும். (தமிழ்ப் பள்ளியில் ஒரு விதமாகவும் தேசியப் பள்ளியில் வேறு விதமாகவும் பெயர் எழுதிய எனக்கு இது பழகிய கதை!) லினக்ஸில் 'லிப்ஐடிஎன்2' சேர்த்துக் கட்டினால்தான் லிப்கர்ல் இதைச் செய்யும். நேரடியாக 'கெட்அட்ரின்ஃபோ'வை அழைத்தாலும் 'ஏஐ_ஐடிஎன்' கொடியைக் கேட்டு வைக்க வேண்டும். கேட்காதவருக்குத் தமிழ் இல்லை.

பிறமொழி முகவரிகளுக்கான சோதனை 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், டான் டின் வீ குழுவினரால் நடந்தது. '.சிங்கப்பூர்' 2011இல் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறியது. இத்தனைக்குப் பிறகும், நிறுவும்போது ஒரு சொல் விடுபட்டால் கதவு மூடிக்கொள்கிறது. குற்றம் நூலகத்தின் மீது இல்லை. ஆங்கில முகவரியில் மட்டும் சோதித்துவிட்டு ஒப்படைக்கும் நம் மீதுதான்.

நண்பர்களே, கர்லிடம் அதன் பதிப்பைக் கேளுங்கள். வசதிப் பட்டியலில் 'ஐடிஎன்' இருக்கிறதா என்று பாருங்கள்.